வாரத்துக்கு நான்கு நாள் வேலை: அரசு ஊழியருக்கு அது சட்டப்படி செல்லுமா?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. கூடவே 2021 முதல் உலாவிக்கொண்டிருந்த ஒரு பேச்சும் மறுபடி கிளம்பியது: நாளுக்கு 12 மணி நேரம் உழைத்தால் வாரத்தில் நான்கு நாள் போதும், மூன்று நாள் விடுமுறை. தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவரும் இது தமக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டார். பட்டா மாறுதலுக்கு அலைந்துகொண்டிருப்பவர், "இப்பவே வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல சீட்டுல ஆள் இல்ல, இனி சட்டப்படியே இருக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

இருவருமே தவறான சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அரசு அலுவலகத்தின் வேலை நேரம் அந்தச் சட்டத் தொகுப்புகளில் இல்லை. வேறு எங்கே இருக்கிறது என்பதற்குக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

ஐந்து குடமா, நான்கு குடமா?

வீட்டுக்கு 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். எட்டு லிட்டர் குடத்தில் ஐந்து நடை நடக்கலாம். பத்து லிட்டர் குடத்தில் நான்கே நடையில் முடித்துவிடலாம். தண்ணீர் குறையவில்லை, நடை குறைந்தது, இடுப்பில் ஏறும் பாரம் கூடியது. மொத்த மணி நேரத்தைக் குறைக்காமல் நாட்களை மட்டும் குறைக்கும் இந்த ஏற்பாட்டைத்தான் 'சுருக்கிய வேலை வாரம்' என்கிறோம்.

ஒரு குடத்தையே விட்டுவிடுவது வேறு கதை. 2022 ஜூனில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, அத்தியாவசியப் பணிகள் நீங்கலான அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமையை மூன்று மாதத்துக்கு விடுமுறையாக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வீட்டுத்தோட்டம் போடுங்கள் என்றும் சொன்னார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை, அந்த நாளுக்கு ஈடாக மற்ற நாட்களை நீட்டுவதும் நோக்கமாக இல்லை. அது குறைத்த வாரம். 'நான்கு நாள் வேலை' என்ற ஒரே பெயரில் இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

நாம் ஏற்கெனவே ஒருமுறை சுருக்கியிருக்கிறோம் என்பது பலருக்கு நினைவில்லை. 1985 ஜூன் 3 அன்று மத்திய அரசு அலுவலகங்கள் ஆறு நாள் வாரத்திலிருந்து ஐந்து நாளுக்கு மாறின. காலை 9 முதல் மாலை 5.30 வரை, நடுவே அரை மணி நேர உணவு இடைவேளை. நாளுக்கு 8, வாரத்துக்கு 40. மகாராஷ்டிரா 2020 பிப்ரவரி 29 முதல் ஐந்து நாளுக்கு மாறியபோது, போன சனிக்கிழமைகளுக்கு ஈடாகத் தினமும் 45 நிமிடம் கூட்டிக்கொண்டது. இரண்டு மாற்றங்களுக்கும் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ தனிச் சட்டம் இயற்றவில்லை. வந்தது நிர்வாக ஆணைதான்.

இதுவரை பார்த்தது: சுருக்கிய வாரத்தில் மணி நேரம் மாறாது, நாள் மட்டும் குறையும். அப்படியொரு மாற்றம் இங்கே முன்பே நடந்திருக்கிறது, அதுவும் வெறும் ஆணையால்.

டேட்டா பேக்கும் வேலை நேரமும்

கைபேசிக்கு இரண்டு விதமாக ரீசார்ஜ் செய்யலாம். ஒன்று, நாளுக்கு 2 ஜிபி. இன்று மிச்சம் பிடித்ததை நாளைக்கு எடுத்துப் போக முடியாது. இன்னொன்று, மாதத்துக்கு மொத்தமாக 60 ஜிபி. ஒரே இரவில் படம் பார்த்துத் தீர்த்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வேலை நேரச் சட்டங்களும் இப்படித்தான். வாரத்துக்கு மட்டும் வரம்பு இருந்தால் நாட்களைச் சுருக்குவது எளிது. நாளுக்கும் ஒரு வரம்பு இருந்தால், பத்து மணி நேர நாளின் ஒரு பகுதி வரம்பைத் தாண்டிவிடும். தாண்டிய நேரம் 'மிகைநேரம்', அதாவது ஓவர்டைம் ஆகும். அதற்குக் கூடுதல் கூலி தர வேண்டும். எந்த நாட்டிலும் சுருக்கிய வாரம் சட்டப்படி செல்லுமா என்ற கேள்வியைத் திறக்கும் முதல் சாவி இது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இரண்டு பூட்டும் இருந்தன: நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், குறிப்பிட்ட தொழிற்சாலைகளுக்கு இந்தப் பூட்டுகளைத் தளர்த்த வழிசெய்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அந்த வாரங்களில் 'எல்லாருக்கும் 12 மணி நேரம்' என்றே பேசினார்கள். மசோதா தொழிற்சாலைகளைப் பற்றியது மட்டும்தான்.

புதிய தொகுப்பிலும் இதே மயக்கம். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பின் 25-ஆவது பிரிவு நாளுக்கு எட்டு மணி நேரம் என்றுதான் சொல்கிறது. வேலை தொடங்கி முடியும் வரை, இடைவேளைகளையும் சேர்த்து, ஒரு நாள் எவ்வளவு நீளலாம் என்பதை அரசு அறிவிக்கையில் சொல்லும். இந்த மொத்த நீளத்துக்கு 'பரவல் நேரம்' என்று பெயர். மத்திய அரசின் 2020 வரைவு விதிகளில் 12 என்ற எண் இந்தப் பரவல் நேரத்துக்குத்தான் வந்தது. செய்தித் தலைப்புகளில் அது வேலை நேரமாகவே ஆகிவிட்டது.

ஒரே கட்டடம், மூன்று சட்டம்

அதே தொகுப்பின் முதல் பிரிவிலேயே, யாரும் தலைப்பாகப் போடாத ஒரு வரி இருக்கிறது: மத்திய அரசு அலுவலகங்களுக்கும் மாநில அரசு அலுவலகங்களுக்கும் இந்தத் தொகுப்பு பொருந்தாது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டமும் அரசு நிறுவனங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

ஒரு ஆட்சியர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசையில் உட்கார்ந்திருக்கும் இளநிலை உதவியாளருக்குத் தொகுப்பு பொருந்தாது. அதே வராண்டாவைக் கூட்டும் அம்மா ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் என்றால் அவருக்குப் பொருந்தும், ஏனென்றால் ஒப்பந்தத் தொழிலாளருக்கு அந்த விலக்கு கிடையாது என்று தொகுப்பே சொல்லிவிடுகிறது. அலுவலகத்துக்கான படிவங்களை அச்சடிக்கும் அரசு அச்சகத்தில் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கோ தொழிற்சாலைக்கான விதிகள். முதலாளி அரசு என்பதால் தொழிற்சாலை அலுவலகமாகிவிடாது. அரசு ஊழியர் என்றால் ஊருக்கே பொறாமை. ஆனால் எட்டு மணி நேரம் என்ற வேலியைச் சட்டம் கட்டிக்கொடுத்திருப்பது அந்த வராண்டாவைக் கூட்டும் அம்மாவுக்குத்தான், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை.

ரயில்வே தனிச் சாதி. 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் பணியாளரின் வேலைச் சுமையைத் தரம் பிரித்து மணி நேரத்தைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. கடுஞ்சுமைப் பணிக்கு வாரத்துக்கு 45, தொடர் பணிக்கு 54, இடைவிட்டு வரும் பணிக்கு 75. முதல் இரண்டையும் பதினான்கு நாள் சராசரியாகக் கணக்கிடுகிறார்கள். டேட்டா பேக் கணக்கில் சொன்னால், இரண்டு வாரத்துக்கான மொத்த பேக்.

இதுவரை: 12 மணி நேரம், நான்கு நாள் பேச்செல்லாம் தொழிற்சாலை போன்ற இடங்களைச் சுற்றியது. அரசு அலுவலகம் அதற்கு வெளியே இருக்கிறது.

விடுதியின் அறிவிப்புப் பலகை

அப்படியானால் அலுவலகத்தின் வேலை நேரம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வாடகை வீட்டையும் மாணவர் விடுதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை வீட்டில் ஒப்பந்தம் உண்டு. நடுவில் உரிமையாளர் தன் விருப்பப்படி எதையும் மாற்ற முடியாது. விடுதியில் சாப்பாட்டு நேரம் எட்டா எட்டரையா என்பதை வார்டன் ஒரு தாளில் எழுதிப் பலகையில் ஒட்டிவிடுவார். உங்கள் சம்மதம் கேட்க மாட்டார்.

அரசுப் பணி விடுதியைப் போன்றது. நியமன ஆணையை வாங்கிக் கையெழுத்திடும்போது அது ஒப்பந்தம். சேர்ந்த பிறகு அது ஒரு 'தகுநிலை', அதாவது விதிகளே உரிமையையும் கடமையையும் தீர்மானிக்கும் நிலை என்று 1967-இல் ரோஷன் லால் தாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விதிகளை அரசு ஒருதலையாகவே மாற்றலாம். அரசமைப்புச் சட்டத்தின் 309-ஆவது உறுப்பு பணி நிலைமைகளைச் சட்டத்தின் மூலம் வகுக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தருகிறது. அப்படிச் சட்டம் வராத வரை குடியரசுத் தலைவரோ ஆளுநரோ விதிகள் செய்யலாம்.

விதியும் மௌனமாக இருந்தால்? அதே 1967-இல் வந்த சந்த் ராம் சர்மா வழக்கு இங்கே உதவுகிறது. விதி பேசாத இடத்தை நிர்வாக ஆணையால் நிரப்பலாம். விதி பேசிய இடத்தில் அதற்கு எதிராக ஆணை போட முடியாது. வார்டன் சாப்பாட்டு நேரத்தை மாற்றலாம், பல்கலைக்கழக விதியை மாற்ற முடியாது. அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் கிழமை மூடும் என்பது பெரும்பாலும் ஆணை நிரப்பும் இடம். கொரோனா காலத்தில் 2020 மே மாதம் தமிழக அரசு அலுவலகங்கள் பாதிப் பணியாளருடன் சுழற்சி முறையில் வாரம் ஆறு நாள் இயங்கியதும், 2021 ஜனவரி 1 முதல் ஐந்து நாளுக்குத் திரும்பியதும் அரசாணைகளால்தான்.

இதற்கெல்லாம் அடியில் பழைய அடிக்கல் ஒன்று கிடக்கிறது. அரசு ஊழியரின் பணி நிலைமைகளைச் சொல்லும், 1922 முதல் நடப்பில் உள்ள 'அடிப்படை விதிகள்' தொகுப்பில் 11-ஆவது விதி. வேறு விதமாகத் தெளிவாகச் சொல்லப்படாத வரையில், அரசு ஊழியரின் முழு நேரமும் அவருக்குச் சம்பளம் தரும் அரசின் கையில் இருக்கிறது. கூடுதல் ஊதியம் கேட்காமல் எந்த வேலைக்கும் அவரைப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். பிரிட்டிஷ் காலத்து மனம் அப்படியே தெரிகிறது. முழு நேரமும் அரசுடையது என்றால் நாளுக்கு எட்டு என்ற பூட்டே இல்லை. பூட்டு இல்லாத கதவுக்குச் சாவி எதற்கு?

ஆகவே சுருக்கமாக: மத்திய, மாநில அரசு அலுவலகங்களில் சுருக்கிய வாரத்தைக் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் உண்டு. தடை செய்யும் சட்டம் இல்லை. அதே காரணத்தால், அதைத் தந்தாக வேண்டும் என்று ஊழியர் கேட்கும் உரிமையும் இல்லை. இந்த இரண்டாவது பாதியைத்தான் சங்கக் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை.

ஆணை போட்டால் எங்கெல்லாம் முட்டும்?

அதிகாரம் இருப்பதும் ஆணை நிற்பதும் ஒன்றல்ல. முதலில் முட்டுவது மிகச் சாதாரணமான இடம்: விடுப்புக் கணக்கு. மத்திய அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 8 நாள் தற்செயல் விடுப்பு, தமிழக அரசு ஊழியருக்கு 12. நாள் என்பது எட்டு மணி நேரமாக இருக்கும்போது 8 நாள் என்றால் 64 மணி நேரம். நாளைப் பத்து மணி நேரமாக்கினால் அதே 8 நாள் 80 மணி நேரமாகிவிடும். சுருக்கியதாகச் சொன்ன வாரம் சத்தமில்லாமல் குறைத்த வாரமாகிறது. இன்னொன்று: இப்போது ஐந்து நாள் விடுப்பு போட்டால் முன்னும் பின்னும் சனி, ஞாயிறு சேர்ந்து ஒன்பது நாள். நான்கு நாள் வாரத்தில் நான்கே நாள் விடுப்புக்குப் பத்து நாள் ஊரில் இருக்கலாம். விடுப்பு விதிகள் நாளை அலகாக வைத்தே எழுதப்பட்டவை. விதியிலேயே எழுதப்பட்ட விடுப்பை மணி நேரத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் விதித் திருத்தம் தேவை. அங்கே வெறும் ஆணை போதாது, சந்த் ராம் சர்மா குறுக்கே வந்து நிற்பார்.

அடுத்தது சமத்துவம். பத்து மணி நேர நாள் எல்லா உடலுக்கும் ஒரே பாரமில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தக்க வசதி செய்து தரும் கடமையை அரசு நிறுவனங்கள் மீது வைக்கிறது. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறும் பெண்ணுக்கும் அந்த நாள் நீளம்தான். விலக்கே இல்லாமல் எல்லாரையும் ஒரே அச்சில் அடிக்கும் ஆணையை, சமத்துவத்தைச் சொல்லும் அரசமைப்பின் 14-ஆவது உறுப்பின் கீழ் தன்னிச்சையானது என்று எதிர்க்கலாம். மத்திய அரசு ஊழியர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கும், தமிழக அரசு ஊழியர் உயர் நீதிமன்றத்துக்கும் போவார்கள். வேலை நேரத்தை நிர்ணயிப்பது நிர்வாகக் கொள்கை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொள்ளவும் கூடும். வெல்லும் வழக்கு என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது, கவுண்டருக்கு வெளியே நிற்பவர். 1897-ஆம் ஆண்டின் பொதுக்கூறுகள் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, மத்தியச் சட்டங்களுக்கான ஒரு பொதுக் கணக்கைச் சொல்கிறது: ஒரு செயலுக்கான கடைசி நாளில் அலுவலகம் மூடியிருந்தால், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலும் செல்லும். வெள்ளியையும் மூடினால், வெள்ளியில் முடியும் கெடுவெல்லாம் திங்களுக்குத் தள்ளும். விண்ணப்பதாரருக்கு இது நன்மை. அலுவலகத்துக்குத் திங்கள் காலை நரகம்.

வங்கிகளின் ஐந்து நாள் கோரிக்கை இதன் பக்கத்து வீட்டுக் கதை. 2024 மார்ச்சில் இந்திய வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஐந்து நாளுக்கு இசைந்து, தினமும் 40 நிமிடம் கூட்டவும் கணக்குப் போட்டுவிட்டன. ஆனால் அரசின் ஒப்புதல் இல்லாமல் அது நகராது. 2015-இல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளை விடுமுறையாக்கவே, காசோலை போன்றவற்றுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை போட வேண்டியிருந்தது. காசோலைக்குக் கெடு நாள் உண்டல்லவா.

அமெரிக்காவில் ஏன் தனிச் சட்டம் வேண்டியிருந்தது?

இங்கே ஆணை போதும் என்றால், அமெரிக்க நாடாளுமன்றம் மட்டும் ஏன் மெனக்கெட்டுச் சட்டம் போட்டது? டேட்டா பேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூட்டாட்சி அரசின் ஊழியருக்கு நாள் பூட்டு உண்டு. எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலே மிகைநேரம். நான்கு பத்து மணி நேர நாட்கள் என்றால் வாரத்துக்கு எட்டு மணி நேர மிகைநேரக் கூலியைக் கணக்கில் எடுக்க வேண்டும். இதைத் திறக்க 1978-இல் சோதனைச் சட்டம் ஒன்று வந்தது. 1982-இல் புதுப்பித்து, 1985-இல் நிரந்தரமாக்கினார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதன் நிபந்தனைகள். சங்கம் இல்லாத பிரிவில் ஊழியர்களின் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் சுருக்கிய வாரத்தைத் திணிக்க முடியாது; சங்கம் உள்ள இடத்தில் பேச்சுவார்த்தை நடத்தியாக வேண்டும். சொந்தச் சிரமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. பின்னால் நிறுத்த வேண்டும் என்றால் துறை மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும்: வேலைத்திறன் குறைந்தது, மக்களுக்கான சேவை குறைந்தது, அல்லது செலவு கூடியது. நம் ஊரில் கொண்டுவரும்போதும் சரி, எடுக்கும்போதும் சரி, இப்படி எதையும் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அரசுக்கு அதிகாரம் உண்டா என்று விவாதிப்பதை விட்டுவிட்டு, அதிகாரத்துக்கு இந்த மூன்று அளவுகோலையாவது பூட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது என் கட்சி.

அங்கேயும் மாநிலங்களுக்கு வழி எளிது, ஏனெனில் அவற்றைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் பொதுவாக வாரத்துக்கு 40 என்றே அளக்கிறது. யூட்டா மாநிலத்தில் ஆளுநர் ஜான் ஹன்ட்ஸ்மன் 2008 ஆகஸ்டில் தம் ஆணையாலேயே சுமார் 17,000 ஊழியரைத் திங்கள் முதல் வியாழன் வரை, காலை 7 முதல் மாலை 6 வரை என்று மாற்றிவிட்டார். மின்சாரம் மிச்சமாகும் என்பது கணக்கு. எதிர்பார்த்த அளவு மிச்சமாகவில்லை. வெள்ளிக்கிழமை கதவு மூடியிருக்கிறது என்று மக்களும் முணுமுணுத்தார்கள். 2011-இல் மாநிலச் சட்டமன்றம், அலுவலகங்கள் ஐந்து நாளும் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அடுத்து வந்த ஆளுநர் கேரி ஹெர்பர்ட் அதற்கு ஒப்புதல் தர மறுத்தார். மறுப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறி, அந்த ஆண்டு செப்டம்பரில் பழைய வாரம் திரும்பியது. ஆணையால் வந்தது, சட்டத்தால் போனது.

படத்தில் என்ன தேடுவது?

அடுத்த முறை 'அரசு அலுவலகங்களுக்கு மூன்று நாள் விடுமுறை' என்று ஒரு படம் கைபேசிக்கு வந்தால், தொழிலாளர் சட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அலுவலகத்துக்கு இல்லை. உண்மையான அரசாணையில் எண்ணும் நாளும் துறையின் பெயரும் மேலே இருக்கும். 'படிக்கப்பட்டவை' என்று முந்தைய ஆணைகளின் பட்டியல் வரும். எந்த விதியை அது தொடுகிறது என்பது அங்கேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். யாருக்கெல்லாம் பொருந்தாது என்று ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். மகாராஷ்டிராவில் மருத்துவமனை, பள்ளி, காவல் துறை, தீயணைப்பு எல்லாம் அந்தப் பத்திக்குள்தான் போயின. கீழே, கையெழுத்துக்கு மேலே, 'ஆளுநரின் ஆணைப்படி' என்ற சொல் இருக்கும்.